ஆறடிக் குழி

பாலாற்றில் தண்ணீர் இல்லை என்று ஊரே அழுதால் காலேஜில் செடிமென்டாலஜி, அதாவது மணல் படிவுப் பாடம், நடத்துகிற வாத்தியார் சபாபதிக்கு மட்டும் கொண்டாட்டம். காய்ந்த ஆற்றில்தானே குழி தோண்ட முடியும்! மாணவர்களில் ஜோடிக்கு ஒரு குழி, ஆறடி நீளம், இடுப்பளவு ஆழம். எந்த வெள்ளம் எந்த மணலைக் கொண்டுவந்து போட்டது என்று குழியின் சுவரைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். சுவரில் பசை தடவி வெள்ளைத் துணியை ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் மணல் அடுக்குகள் அப்படியே துணியோடு வரும். அதையும் கொண்டுவர வேண்டும். போகிற ஊரில் காட்ட ஒரு கடிதம் கேட்டதற்கு, "ஐடி கார்டு இருக்குல்ல?" என்று முடித்துவிட்டார் மனுஷன்.

திருப்புட்குழி ஆட்டோக்காரர் மகள் சுகாசினியும் பெரிய காஞ்சிபுரத்து நெசவுக்காரர் வீட்டு சிவராஜும் வாலாஜாபாத்தைத் தாண்டி ஓர் இடம் பிடித்தார்கள். மதியத்துக்குள் குழி தயார். அடி அடுக்கைப் பூதக்கண்ணாடியில் பார்க்க சுகாசினி குழிக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போட்டோவில் அளவு காட்ட வைக்கிற சுத்தியல் அவள் கையில் இருந்தது. மேலே நின்று சிவராஜ் ஈரத் துணியை இறக்கினான்.

"ஊருக்கெல்லாம் கல்யாணப் பொடவ நெய்யிற வூட்டுப் புள்ள நானு. ஆத்துக்குத் துணி போத்திக்கினு நிக்கிறேன் பாரு."

"ஆடாத. அடுக்க எண்ணிக்கினு இருக்கேன்."

கரைமேல் மாடு ஓட்டிவந்த வீரபத்திரனுக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. அவன் பார்த்தது ஒரு குழி, அதற்குள் அசையாமல் கிடக்கிற பெண், அவள்மேல் வெள்ளைத் துணி போர்த்துகிற பையன், பக்கத்தில் கடப்பாரை.

"பொண்ணக் கொன்னு பொதைக்கிறான்டா டேய்!"

வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருந்த நூறு நாள் வேலைக்காரர்கள் மண்வெட்டியும் கையுமாக இறங்கினார்கள். சிவராஜ் ஓடினான். நின்று பேசியிருக்கலாமே என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். அத்தனை மண்வெட்டி எதிரே வந்தால் நீங்களும் ஓடுவீர்கள், நானும் ஓடுவேன். ஓடுகிறவன்தான் கொலைகாரன், அதுதான் கூட்டத்தின் சட்டம்.

ஒரு கல் அவன் பின்மண்டையில் விழுந்தது. குப்புற விழுந்தவனைப் புரட்டிப்போட்டு வீரபத்திரன் யாரிடமோ பிடுங்கிய மண்வெட்டிக் காம்பால் தாடையில் அடித்தான். பல் உடைந்து ரத்தம் கொப்பளித்தது. "காலேஜ்... காலேஜ்ணா..." என்று சிவராஜ் சொன்னது ரத்தத்தோடு குழறிப் போயிற்று. முகத்தை மறைத்த கைகளை இரண்டு பேர் மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் விலாவில் உதைத்தார்கள். நம் ஊரில் இதற்குத் தர்ம அடி என்று பெயர் வைத்திருக்கிறோம். வைத்தவன் வாய் அழுகிப் போக!

சுகாசினி குழியிலிருந்து ஏறி ஓடினாள். பாதி வழியில், தூர்வார வந்திருந்த கிழவி கங்கையம்மாள் அவளை வாரி அணைத்துக்கொண்டாள். நாற்று நட்டு உரமேறிய கைகள்.

"அடி எங்கண்ணு! உசுரோட இருக்கியா! பயப்படாதம்மா, நாங்க வந்துட்டோம்."

"வுடுங்கமா! அவன் என் கிளாஸ்மேட்! ப்ராஜெக்ட்டுக்கு வந்தோம்மா!"

"பயந்துக்கினு என்னன்னவோ உளறுது பாரு," என்று கங்கையம்மாள் அழுதாள். "பாக்காத கண்ணு, அந்தப் பக்கம் பாக்காத." முந்தானையால் சுகாசினியின் முகத்தை மூடி மார்போடு அழுத்தினாள்.

சுகாசினி திமிறினாள், கெஞ்சினாள், கத்தினாள். கத்தக் கத்தப் பிடி இறுகியது. அவள் போட்ட ஒவ்வொரு கூச்சலும் அங்கே சிவராஜுக்கு இன்னொரு உதையாக விழுந்தது. "இன்னாடா பண்ண அந்தப் பொண்ண?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள்.

சுத்தியல் கையிலேயே இருந்தது. ஆனால் கண்ணே கண்ணே என்று தலையைத் தடவுகிறவளை எப்படி அடிப்பது? வளர்த்த விதம் அப்படி. அவளுக்குக் கை எழவில்லை.

அப்புறம் சிவராஜின் குரல் நின்றது. அந்த அமைதியில்தான் அவள் சுத்தியலை ஓங்கினாள். முதல் அடி தோளில் பட்டது. இரண்டாவது கங்கையம்மாளின் நெற்றியைப் பிளந்தது. கிழவி சரிந்தாள். சுகாசினி ஓடிப்போய் சிவராஜின்மேல் விழுந்து, கிட்டே வந்த வீரபத்திரனின் முழங்காலில் ஒன்று போட்டாள். அவன் அலறியபோதுதான் மற்றவர்களுக்குப் புத்தி வந்தது. சிவராஜின் கழுத்தில் கிடந்த ஐடி கார்டை யாரோ எடுத்துப் படித்தார்கள்.

காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில் சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார். சுகாசினி பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

நெற்றியில் கட்டோடு கங்கையம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவராஜ் செத்தது அவளுக்கும் தெரிந்திருந்தது. கண்ணீர் நிற்காமல் ஓடியது.

"தெரியாமப் பண்ணிட்டோம்மா. நல்லதுன்னுதான்..." சுகாசினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன அடிச்சத நான் போலீஸாண்ட சொல்ல மாட்டேன் கண்ணு. பயத்துல அடிச்சிட்ட. எனக்குத் தெரியும்."

சுகாசினி திரும்பி அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பயத்துல இல்லமா. உங்கள மொதல்லயே அடிச்சிருக்கணும். அவன் பொழச்சிருப்பான்."