கரணைக்கு வைத்த குங்குமம்

சேஷாத்ரிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று ஜெர்மனியின் பான் நகரத்து டிராமில் அவர் ஏறியதும், கண்ணாடியில் அந்தக் காதைப் பார்த்த ஓட்டுநர் சிவப்பு விளக்கென்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டார்.

காரணம் ஒரு மண்மேடு. நார்மன்காரர்கள் பாணியில் மண்ணைக் குவித்து, உச்சியில் மரக்கோபுரம் நட்ட பழங்காலக் கோட்டை. சேஷாத்ரி இரண்டு வருஷம் அதைத் தோண்டினார். தூண்கள் நின்ற இடத்திலேயே மக்கியிருக்கின்றன, கோட்டை எரியவே இல்லை என்று ஆய்வேடு எழுதினார். பேராசிரியர் கிராம்ப் ஆய்வேட்டைத் திறக்கவில்லை, அங்கே மாதிரிக்கு எடுத்த மண் டப்பா ஒன்றைத் திறந்தார். உள்ளே செக்கச்செவேலென்று மண். தீயில் வெந்த மண்தான் இப்படிச் சிவக்கும். கோட்டை எரிந்திருக்கிறது, மாற்றி எழுதினால்தான் கையெழுத்து என்றுவிட்டார். மறுபடி தோண்டிக் காட்டவும் வழியில்லை. போன மாதம்தான், அறுபத்தெட்டு நவம்பரில், நிலக்கரிச் சுரங்கத்து இயந்திரம் மேட்டைத் தின்று தீர்த்திருந்தது. அந்த இயந்திரத்தின் உச்சிக்கு ஏறிச் சேர்வதற்குள் அதை இயக்குபவர் இருமுறை சவரம் செய்துகொள்ள வேண்டும். அவ்வளவு பெரியது.

வீட்டில் சேஷாத்ரி தட்டைத் தள்ளிவிட்டு, கிராம்பின் ஏழு தலைமுறையையும் திட்டினார். மனைவி வைதேகி ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்னா, அந்த மண்ணு என்னிக்கு எடுத்தது?"

"விஜயதசமி அன்னிக்கு. காலம்பற முதல் சாம்பிள்."

"முந்தின நாள் ஆயுத பூஜையில உங்க மண் சுரண்டற கரணைக்குக் குங்குமத்தை அப்பினேனே. தொடைச்சேளோ?"

சேஷாத்ரி தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கிராம்பிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர் சிரித்தார். நன்றாக எழுதப் பழகியிருக்கிறீர்கள், கதை என்றார். சேஷாத்ரியின் காது பற்றிக்கொண்டது. பேராசிரியரின் தேநீர்த் தட்டிலிருந்த எலுமிச்சைத் துண்டை எடுத்து டப்பாவுக்குள் பிழிந்தார். சிவப்பு மண் மெல்ல மஞ்சளானது.

"மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் குங்குமம் செய்வோம், ஐயா. புளிப்பு பட்டால் பழையபடி மஞ்சளாகிவிடும். எரிந்த மண் ஆகுமா?"

கிராம்ப் டப்பாவை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

சேஷாத்ரி நன்றி சொல்லவில்லை. இரண்டு வருஷம் மண்டியிட்டு வரைந்த நூற்றுப்பதினோரு தூண்குழிகளை நம்பாத மனிதன், ஒரு எலுமிச்சைத் துண்டை நம்பினானே!

திரும்பும்போதும் டிராம் நின்றது.