ருக்சாருக்கு வராத காய்ச்சல்

மூன்று வயது மகன் உமைருக்கு வந்தது டெங்கி இல்லை என்று சிங்கப்பூர் தேக்கா கிளினிக்கில் சொன்னதுமே நூருன்னிசாவுக்குச் சுருக்கென்றது. அவனும் அவன் அக்கா, எட்டு வயது ருக்சாரும் வாப்பாவோடு ஆப்பிரிக்காவின் கானாவுக்குப் போய்த் திரும்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. லீவு கிடைக்காமல் நூருன்னிசா மட்டும் இங்கேயே தங்கிவிட்டாள். டாக்சி பிடித்து மருத்துவமனைக்கு ஓடினாள். ரத்தத்தைப் பரிசோதித்தவர்கள் மலேரியா என்றார்கள்.

"நான் கொடுத்தனுப்புன மலேரியா தடுப்பு மாத்திரைய பிள்ளைங்களுக்குக் கொடுத்தீங்களா?"

கானாவுக்குத் துணி ஏற்றுமதி செய்யும் அவள் கணவன் இப்ராஹீம் போனை நோண்டிக்கொண்டே சொன்னான். "தினமும் கொடுத்தேன் லா. ருக்சாரைப் பாரு, நல்லாத்தானே இருக்கா?"

அதுவும் உண்மைதான். ருக்சார் வார்டு நடையில் நொண்டியடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஆனால் அவன் ஏன் தலை நிமிரவில்லை? நூருன்னிசாவுக்கு மனம் ஆறவில்லை. ருக்சாருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னாள்.

மறுநாள் காலை டாக்டர் ரஞ்சன் வந்தார். "இவ ரத்தத்துலயும் கிருமி இருக்கு. காய்ச்சல்தான் வரல. கானாவுல வளர்ந்தவளா?"

"ஏழு வயசு வரைக்கும் வாப்பாகூட அங்க இருந்தா டாக்டர். என் உம்மாவுக்கு டயாலிசிஸ், அதனால நான் இங்க இருந்துட்டேன்."

"அதான். மலேரியா திரும்பத் திரும்ப வந்தா உடம்புல ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பு சக்தி, சேர்ந்துடும். கிருமி இருந்தாலும் ஆளைப் படுக்க வைக்காது. உங்க பையனுக்கு இதான் முதல் தடவை, அவனால தாங்க முடியல."

திரும்பத் திரும்பவா? அத்தனை வருடமும் இப்ராஹீம் போனில் 'சூப்பரா இருக்கா' என்றுதானே சொன்னான்!

மகளைக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் மைலோ வாங்கிக் கொடுத்தாள்.

"அங்க உனக்குக் காய்ச்சல் வருமாம்மா?"

"நிறைய தடவை உம்மா. பக்கத்து வீட்டு மாமி நெத்தியில ஈரத்துணி போடுவாங்க. உங்ககிட்ட சொன்னா அழுவீங்கன்னு வாப்பா சொல்ல வேணாம்னாங்க."

திரும்பி வந்து கணவன் எதிரே நின்றாள். "மாத்திரை?"

இப்ராஹீம் நெற்றியைத் தேய்த்தான். "மாத்திரை போட்ட மொத நாளே உமைர் வாந்தி எடுத்தான். ரெண்டு பேருக்கும் நிறுத்திட்டேன். ருக்சாருக்கு எப்பவும் ரெண்டு நாள்ல சரியாயிடும், இவனுக்கும் அப்படித்தான்னு நெனச்சேன், நூரு."

"எத்தனை தடவை வந்துச்சு அவளுக்கு?"

"எண்ணலை."

பிள்ளைகள் இருவருக்கும் மருந்து தொடங்கினார்கள். ஐந்தாம் நாள் உமைர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். இப்ராஹீம் விம்மிவிட்டான். நூருன்னிசா மகனுக்கு ஊட்டினாள். கணவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வேற என்ன சொல்லாம வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல, சத்தியமா."

இம்முறை அவன் நேராகவே பார்த்துச் சொன்னான். அவளால்தான் நம்ப முடியவில்லை.