தோரா ஹௌகனின் இடது காது

அக்டோபர் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு டாக்டர் தோரா ஹௌகனின் இடது காதில் டெலிபோன் ரிசீவர் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார்கள். சமையல் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். டிராக்டர் பட்டறைக்காரன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது தன் வேலையில்லை என்று போய்விட்டான். அன்று எங்கள் ஊர் ஓர்விக்கில் கோதுமை புஷலுக்கு நாலு டாலர் பன்னிரண்டு சென்ட், காற்று வடமேற்கிலிருந்து. ஊர்ப் பத்திரிகையில் மூன்றையும் ஒரே பத்தியில் போட்டோம், கோதுமையை முதலில். யாரும் குறை சொல்லவில்லை.

அவர் கூப்பிட்டது இன்ஷூரன்ஸ் கம்பெனியை. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்னா ஸ்டாட்டுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. நகரத்து சர்ஜன் அதை மாற்றிவிடத் தயார், ஆனால் கம்பெனி முன்கூட்டியே சரி என்று சொல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார். பனி உருகும் வரைக்கும்தான் தாங்கும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். அனுமதியை டாக்டர்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும், அது கம்பெனியின் சட்டம். தோரா கேட்டார். ஒரு புல்லாங்குழல் நாலே நாலு அடி வாசித்தது. பிறகு ஒரு பெண்குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம், நீங்கள் வரிசையில் ஒன்பதாயிரத்து நூற்றுப் பதினேழாவது ஆள் என்றது. பிறகு மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன நாலு அடி. எங்கள் ஊரில் இன்றைக்கும் தொட்டில் குழந்தைகூட அதைத்தான் முனகும்.

ரிசீவர் ஒட்டிக்கொண்டதே தவிர தோராவை ஓரிடத்தில் கட்டிப் போடவில்லை. அவர் நடக்க நடக்கச் சுருள் வயர் நீண்டது. கிளினிக் சுவரிலிருந்து புறப்பட்டு, கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, மெயின் தெருவைத் தாண்டி அவர் வீட்டுப் படுக்கையறை வரைக்கும் போனது. நோயாளி பீட்ரூட் வயலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் வயரும் பீட்ரூட் வயலுக்கு அந்தப் பக்கம் போனது. வலது காதில் மட்டும் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு நெஞ்சு பார்த்தார். ஒரு பக்கம் இதயம், மறுபக்கம் புல்லாங்குழல். பிரசவம்கூடப் பார்த்தார், இரட்டைப் பிள்ளை, இரண்டும் நல்ல எடை.

ஊர் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முப்பது வருஷமாக ஊருக்கு இருந்த ஒரே டாக்டர், ஆனாலும் வாய்க்கு வந்ததைப் பேசினோம். பனி தள்ளும் வண்டிக்காரன் வயரைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அலகைத் தூக்க வேண்டியிருக்கிறதென்று கண்டபடி திட்டினான். ஜெபத்தின் நடுவே பாட்டு கேட்கிறது என்று லூத்தரன் சர்ச் பாதிரியார் அவரைக் கீழே நிலவறையில், காபிப் பாத்திரங்களோடு உட்காரச் சொன்னார். நாங்கள் பத்திரிகையில் ஆசிரியருக்குக் கடிதம் பதினாறு போட்டோம், பதினைந்து வயரைப் பற்றி, ஒன்று ரிசீவரின் நிறத்தைப் பற்றி. வெர்னாவைப் பற்றி ஒன்றுகூட இல்லை. வெட்கக்கேடு, சொல்லத்தான் வேண்டும்.

வெர்னா மட்டும் கேலி செய்துகொண்டிருந்தாள். "டாக்டரம்மா, காதுல ஆள் வந்தாச்சா, இல்ல இன்னும் கச்சேரிதானா?" என்பாள் கிளினிக்குக்குள் நுழையும்போதே. நவம்பரில் பஸ்ஸை மூன்று நிறுத்தத்துக்கு ஒரு தரம் ஓரங்கட்டி மூச்சு வாங்கினாள். டிசம்பரில் ஒவ்வொரு நிறுத்தத்திலும். பிள்ளைகள் வாயைத் திறக்காமல் காத்திருப்பார்கள். வரிசை எண் அப்போது ஆறாயிரத்துச் சொச்சம். தோரா கணக்குப் போட்டுப் பார்த்தார், இந்த வேகத்தில் மே மாதம் ஆகும். மே மாதம் வெர்னா இருக்க மாட்டாள். அன்றைக்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு மாநில மருத்துவர் சங்கத்துக்குப் போன் போட்டார், நர்ஸின் செல்போனில், வலது காதில் வைத்து.

பல்லைக் கடித்ததற்குக் காரணம் உண்டு. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு தபால் அட்டையில் நாலு வரி எழுதிச் சங்கத்தை விட்டு விலகியவர் அவர். உங்களுடையது டாக்டர்கள் சங்கம் இல்லை, கால்ஃப் ஆடுகிறவர்களுக்குத் தொப்பி தைக்கிற கடை என்பது அதன் சாரம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருந்தார் சங்கத்தின் செயலாளர் லைல் கிரீகர். இருவரும் மருத்துவக் கல்லூரியில் ஒரே பிணத்தை அறுத்துப் படித்தவர்கள். அப்போதிருந்தே ஒருவருக்கொருவர் ஆகாது. லைல் வைத்தியத்தை விட்டு இருபத்திரண்டு வருஷமாகிறது.

"அடடா, தொப்பி வாங்க வந்தியா தோரா?"

"ஒரு பொம்பள சாகக் கிடக்கா லைல். உன் நக்கலைக் கொண்டுபோய் உடைப்புல போடு."

"நாங்க மெம்பருக்குத்தான் உதவி பண்ணுவோம். உனக்கே தெரியும்."

"ஃபாரத்தை அனுப்பித் தொலை."

அனுப்பினார். நிரப்பி அனுப்பியதும் ஒரு டப்பா வந்தது. ஒரு காபிக் கோப்பை, கழுத்தில் மாட்டும் நாடா, வாடகைக் காருக்குத் தள்ளுபடி அட்டை, வேலைப் பளுவில் மனம் துவளாதிருக்க மூச்சை எப்படி இழுத்துவிடுவது என்று ஒரு கையேடு. தொப்பியும் இருந்தது. தோரா டப்பாவைச் சுவரில் அடித்தார். அப்புறம் சங்கத்தின் பொதுக்குழு கூடி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இப்படித் தாமதிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதில் "கேட்டுக்கொள்கிறது" என்று போடுவதா "வன்மையாகக் கேட்டுக்கொள்கிறது" என்று போடுவதா என்று இரண்டே முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். வன்மை நாலு ஓட்டில் ஜெயித்தது. கம்பெனிகளுக்குக் கெடு வைக்கும் மசோதா ஒன்றும் ஏற்கெனவே இருந்தது, ஏழு வருஷமாக. செனட்டர் ராய்ஸ் டெல்கரின் மேஜை டிராயரில் இருந்தது. லைலுக்கு அது தெரியும். டிராயரைத் திற என்று அவர் கேட்டதில்லை, ஏனென்றால் டெல்கர் வேறொன்று தருவதாகச் சொல்லியிருந்தார். டாக்டர்கள்மீது வழக்குப் போட்டால் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு. சங்கம் பதினோரு வருஷமாக அதற்காகத்தான் ஏங்கிக் கிடந்தது.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டசபை நடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு மெம்பர் டாக்டரை அங்கே அனுப்பும். அவருக்கு 'அன்றைய டாக்டர்' என்று பெயர். காலையில் சபைத் தலைவர் பெயரைச் சொல்வார், டாக்டர் பார்வையாளர் மாடத்தில் எழுந்து நிற்பார், உறுப்பினர்கள் கைதட்டுவார்கள், டாக்டர் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் நாள் முழுக்கப் பக்கத்து அறையில் இருந்து செனட்டர்களின் இருமலையும் நெஞ்செரிச்சலையும் கவனிப்பார். யார் அனுமதியும் வேண்டாம், எந்த வரிசையும் கிடையாது. மசோதாவைப் பற்றி மட்டும் மூச்சுவிடக் கூடாது. அறுபது வருஷமாக யாரும் விட்டதில்லை. பிப்ரவரி பனிப்புயலில் காரோட்ட எவனுக்கும் பிரியமில்லை என்பதால் அந்த மாதத்தைப் புது மெம்பர்கள் தலையில் கட்டுவது சங்கத்தின் நடைமுறை. பட்டியலை மிஷின் போட்டது, லைல் பார்க்காமல் கையெழுத்து வைத்தார். பிப்ரவரி பத்தொன்பது, தோரா ஹௌகன்.

இருநூற்றுப் பன்னிரண்டு மைல். காதில் ரிசீவரோடு காரோட்ட முடியாது, எனவே வெர்னாதான் பள்ளிக்கூட பஸ்ஸில் கூட்டிப்போனாள், வேண்டாம் என்று சொன்ன எல்லோரையும் ஏசிவிட்டு. எட்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். வயர் ஜன்னல் வழியாக நெடுஞ்சாலை நெடுக நீண்டு கிடந்தது. லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே அதன்மேல் ஏறிப்போயின. வயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சபைத் தலைவர் பெயரைச் சொன்னார். தோரா எழுந்தார். கைதட்டினார்கள். தோரா உட்காரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை, விதியை மீறவில்லை, சும்மா நின்றார். அப்போது பாட்டு சபைக்குள் இறங்கியது. நாற்பத்தேழு மைக்குகளிலிருந்தும் அந்த நாலு அடி. அணைத்துப் பார்த்தார்கள், வயரைப் பிடுங்கிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. தலைவர் சுத்தியலால் அடித்த ஒவ்வொரு அடிக்கும், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம், நீங்கள் வரிசையில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாவது ஆள் என்று பதில் வந்தது. ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. சபையை ஒத்திவைக்கலாம் என்ற கோரிக்கையும் கேட்கவில்லை, அதனால் ஒத்திவைக்கவும் முடியவில்லை. இரண்டு மணி நேரம் இப்படியே போனது. மாடத்துக் கடைசி வரிசையில் வெர்னா, கணுக்கால் வீங்கி, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தாள்.

டெல்கர் மூச்சிரைக்க மாடத்துக்கு ஏறிவந்து, சங்கத்தின் சார்பில் அங்கே உட்கார்ந்திருந்த லைலின் காதில் கத்தினார். "உன் ஆள உக்கார வை! இல்லன்னா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளு! வெள்ளிக்கிழமை உன் உச்சவரம்பு மசோதா ஓட்டுக்கு வருது, ஞாபகம் இருக்கட்டும்!"

லைலுக்குத் தோராவைப் பிடிக்காது. அதில் சந்தேகமே வேண்டாம், அந்த நிமிஷம் முன்னைவிட அதிகமாகவே பிடிக்கவில்லை. பதினோரு வருஷத்து உழைப்பு தோரா நின்றுகொண்டிருந்த ஒரே காரணத்தால் மண்ணாகப் போகிறது. அவர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். வைத்தியத்தை விட்டு இருபத்திரண்டு வருஷமானாலும் நீல உதடு என்றால் என்ன என்று அவருக்கு மறந்துவிடவில்லை.

"இந்த மாதிரி ஒரு அடங்காப்பிடாரிய நான் வாழ்க்கையில பாத்ததில்ல, ராய்ஸ்," என்று அவரும் கத்தினார். "ஆனா அவ எங்க மெம்பர். ஃபாரம் என் பீரோவுல இருக்கு. உக்கார வைக்க மாட்டேன். உன்னால முடிஞ்சதப் பாத்துக்கோ."

டெல்கர் வாயில் வராததெல்லாம் வந்தது. பிறகு செல்போனை எடுத்தார். கம்பெனித் தலைவரோடு இலையுதிர் காலத்தில் ஃபெசன்ட் பறவை வேட்டைக்குப் போகிறவர் அவர். அந்த அழைப்புக்கு வரிசை இல்லை, முதல் மணி அடித்ததுமே எடுத்தார்கள். மைக்கில் வந்த எண் மூவாயிரம் ஆனது, எண்ணூறு ஆனது, நாற்பது, ஒன்பது, ஒன்று. ஐந்து மாதமாக ஊர்ந்தது ஐம்பது விநாடியில் ஓடி முடிந்தது. சபை முழுக்க அதைக் கேட்டது. யாருக்கும் கூச்சமாக இருந்ததாகத் தெரியவில்லை.

பாட்டு நின்றது. ஒரு ஆண்குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. "காத்திருந்ததுக்கு நன்றி. நோயாளி வெர்னா ஸ்டாட், சரிதானே? இன்னும் உயிரோட இருக்காங்களா? இல்லன்னா ஃபைல மூடிடறேன்."

தோரா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்காரவைக்கும் தொண்டை அது. "உயிரோடதான்டா இருக்கேன், கட்டையில போறவனே! உனக்காகத்தான் சாகாம உக்காந்திருக்கேன்! சரின்னு சொல்லித் தொலை!"

சரி என்று சொன்னான். அனுமதி எண்ணும் கொடுத்தான். டெல்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தன் இருக்கைக்குப் போனார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். குரல் மட்டும் வழக்கமான கடைசிக் கேள்வியைக் கேட்டது. "வேற ஏதாவது உதவி வேணுமா?"

அந்தக் கம்பெனியில் ஒரு விதி. வேறு ஒன்றும் வேண்டாம் என்று கூப்பிட்டவர் வாயால் சொல்லும் வரை லைனைத் துண்டிக்கக் கூடாது. துண்டித்தவனுக்கு அன்றே சீட்டுக் கிழியும். தோராவுக்கு அது தெரியும். ஐந்து மாதத்தில் அந்த விதியை, வரிசை எண் சொல்லும் பெண்குரல் அவரிடமே எத்தனையோ தரம் பெருமையாகச் சொல்லியிருந்தது.

"வேணும்," என்றார். "எழுதிக்கோ." ஓர்விக்கில் அனுமதிக்காகக் காத்துக்கிடந்த பதினான்கு பேரையும் பிறந்த தேதியோடு மனப்பாடமாகச் சொன்னார். அதற்குள் லைல் தாழ்வாரத்துக்கு ஓடிவிட்டார். ஆண்டு விருந்துக்கு மாட்டிறைச்சியா கோழியா என்று விசாரிக்க சங்கத்தில் ஒரு போன் ஏற்பாடு உண்டு, ஒருவர் ஐந்து பேருக்குச் சொல்வார், அந்த ஐவர் ஆளுக்கு ஐந்து பேருக்கு. முதல் ஐந்து பேரையும் லைலே கூப்பிட்டார். "முடங்கிக் கிடக்கிற ஃபைல் எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்கய்யா. லைன் கிடைச்சிருக்கு." சாயங்காலத்துக்குள் வெள்ளைக் கோட்டுகள் சபையின் படிக்கட்டு வரை நின்றன. ஒவ்வொருவராகக் குனிந்து தோராவின் கன்னத்தோரம் வாயை வைத்துப் பெயர் சொன்னார்கள். குரல் ஒவ்வொரு தரமும் கேட்டது, வேற ஏதாவது? தோரா ஒவ்வொரு தரமும் சொன்னார், இருக்கு.

வெள்ளிக்கிழமை உச்சவரம்பு மசோதா தோற்றது. வெர்னாவுக்கு அடுத்த புதன்கிழமை புது வால்வு வைத்தார்கள். ஈஸ்டர் முடிந்து பஸ்ஸை எடுத்தாள், முன்னைவிட வேகமாக ஓட்டுகிறாள் என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். சங்கத்தின் நிர்வாகக் குழு, உச்சவரம்பைக் கோட்டைவிட்ட குற்றத்துக்காக, முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது என்ற ஓட்டில் லைலை வேலையை விட்டு அனுப்பியது. மறுமாதமே மெம்பர்களுக்கான சலுகைப் பட்டியலில் தோராவின் லைனைச் சேர்த்துக்கொண்டது, ஏழாவதாக, வாடகைக் காருக்குக் கீழே. மானங்கெட்ட கூட்டம். லைல் நூறு மைலுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் கிளினிக் திறந்தார். வியாழக்கிழமைகளில் ஃபைலோடு ஓர்விக்குக்கு வருகிறார், மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறார். தோரா அவரை ஒரு நாளும் முன்னால் விட்டதில்லை.

இப்படி ஆறு வருஷம். தோரா சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாராவது ஒரு டாக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனியில் குரல்கள் மாறின. சில ராஜினாமா செய்தன, ஒன்று அழுதது. ஊர் வயரைத் தாண்டி நடக்கப் பழகிவிட்டது. போன ஏப்ரல், திங்கட்கிழமை காலை, வெர்னாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ரிசீவர் தானாகக் கழன்று தோராவின் மடியில் விழுந்தது. காது கழுவிய பீங்கான் மாதிரி வெளுத்திருந்தது.

"வந்துடுச்சு டாக்டரம்மா!" வெர்னா கத்தினாள். "போதும், வெச்சுத் தொலைங்க! நீங்களும் மனுஷிதானே!"

தோரா காதைச் சொறிந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஆறு வருஷத்துக்கும் சேர்த்துச் சொறிந்தார். மடியிலிருந்து குரல், வேற ஏதாவது உதவி வேணுமா என்று கேட்டது. வெளியே பதினோரு டாக்டர்கள் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தார்கள். தோரா ரிசீவரை எடுத்து வலது காதில் வைத்தார். ஒட்டிக்கொண்டது.