எட்டு மாதப் புகை

மலைப்பாதையின் ஏழாவது வளைவில் பஸ் திரும்பியதும் காலை வெயில் முன்கண்ணாடி முழுக்கப் பரவியது. பச்சியப்பனுக்கு ரோடே தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. அதற்குள் ஏதோ அசைந்தது. பிரேக்கை ஏறி மிதித்தார். உள்ளே இருந்தவர்கள் முன்சீட்டில் முட்டிக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு இரண்டு முழத் தூரத்தில், தலையில் சாமை மூட்டையோடு ஒரு பெண் விறைத்து நின்றாள்.

"ஏனுங்க டிரைவரே, ஆரன்கூட அடிக்காம வர்றீங்க?" என்றாள். திட்டவில்லை. பதினான்கு வருடமாக அரூருக்கும் சித்தேரிக்கும் இந்த மினிபஸ்ஸை ஓட்டுகிறவர். தப்பு அவர் மேல் இருக்குமென்று மலையில் ஒருத்தருக்கும் தோன்றாது. திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது அவருக்கு.

இடது கண்ணில் புகை படர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. தீர்த்தமலைத் திருவிழாக் கூட்டம் ஓயட்டும் என்றார். மழை நிற்கட்டும் என்றார். மகள் காலேஜில் சேரட்டும் என்றார். சேர்ந்தும் விட்டாள். மனைவி கோகிலா டாக்டரிடம் காட்டச் சொன்னபோதெல்லாம், "தூசி விழுந்திருக்கும்" என்று தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். காட்டினால் இனி ஓட்டக்கூடாது என்பார்கள். அப்புறம் அவர் யார்? மலையில் பாதிப் பேருக்கு அவருடைய பெயரே தெரியாது, டிரைவர் என்றால்தான் தெரியும். ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய பச்சியப்பனை அவருக்கே தெரியாது.

பஸ்ஸை ஓரங்கட்டினார். கண்டக்டர் ரஞ்சித்குமார் ஓடிவந்தான். அவசரத்துக்கு ஓட்டுவதற்கென்று அவனிடமும் லைசென்ஸ் இருந்தது.

"நீ ஓட்டுப்பா. எனக்குக் கண்ணு செரியாத் தெரியறதில்ல."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அதைச் சொல்லிவிட்டது உறைத்தது.

ரஞ்சித்குமார் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்ண்ணா. ரெண்டு மாசமா வளைவுக்கு வளைவு எதுக்கு விசிலடிக்கிறேன்னு நெனச்சீங்க? சொன்னா உங்க பொழப்பு போயிருமோன்னு நானும் இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே வந்துட்டேன்."

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூட்டையோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

மறுநாளே கோகிலா அவரைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் வரிசை நகர நகர, இரண்டு தரம் எழுந்து வெளியே போகப் பார்த்தார். இரண்டு தரமும் அவள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். டாக்டரம்மாவுக்கு அவர் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புரைதாங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்றாள்.

"பஸ்ஸு ஓட்டலாமுங்களா?"

"மொதல்ல ஆறட்டும். அப்புறம் செக் பண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

முடியாது என்று சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை. இருந்தும் வெளியே வந்ததும் பச்சியப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிப்பென்ன வேண்டிக்கெடக்குது? எட்டு மாசமா வூட்ல மனுசங்க தூங்கல," என்றாள் கோகிலா. அவளுக்கும் வாயோரம் சிரிப்பு வந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து, கறுப்புக் கண்ணாடியோடு அதே பஸ்ஸில் சித்தேரிக்குப் போனார். ரஞ்சித்குமார் ஓட்டினான். பச்சியப்பன் பள்ளத்துப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதல் இரண்டு வளைவுகளில் அவர் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அப்புறம் விட்டுவிட்டது.

கீழே, எதிர்மலையின் பாறை இடுக்கில், வெள்ளியாக ஒரு நீர்க்கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"இது எப்பப் புடிச்சு இருக்குதுங்க?" என்று பக்கத்திலிருந்த பெரியவரிடம் கேட்டார்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. எங்க தாத்தன் காலத்திலிருந்து இருக்குது. தெனமும் இப்பிடித்தான வர்றீங்க?"

பஸ் திரும்பியது. நீர்க்கோடு ஒரு மரத்துக்குப் பின்னால் போய், மறுபடி கொஞ்சம் தெரிந்தது. பச்சியப்பன் கம்பியைப் பிடித்தபடி கழுத்தை வெளியே நீட்டி, அது பாறையில் விழுந்து சிதறுகிற இடத்தைத் தேடினார்.