ஆபீஸ் கட்டடத்துக்கு மருதாணி

ஐந்து மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்று துண்டு துண்டாக அட்டைப்பெட்டிக்குள் வந்து இறங்கியது. அனுப்பியவர் என் வீட்டுக்காரர், பாசித் மச்சான். ஷார்ஜாவில் பில்டர்களுக்குக் கட்டட மாடல் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை. "நீ ஒட்டி, பெயின்ட் அடிச்சு அனுப்பு. முதலாளிக்குப் புடிச்சுட்டா உனக்கும் வேலை, விசா. ஒண்ணா இருக்கலாம்" என்று போனில் சொன்னார். கல்யாண மருதாணி அழியுமுன் விமானம் ஏறிய மனுஷன்! எனக்குக் கை பரபரத்தது.

சுவர், தளம், படிக்கட்டு எல்லாம் அழகாக ஒட்டிக்கொண்டன. வெள்ளையும் அடித்துவிட்டேன். ஜன்னலில்தான் வந்தது வினை. அரிசியளவு ஜன்னலைச் சுற்றி மெல்லிய கோடு போட வேண்டும். கூட வந்த பிரஷ்ஷோ துடைப்பம் மாதிரி இருந்தது. போடா என்று தூக்கி எறிந்தேன். முத்துப்பேட்டைக் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் மருதாணி போடுகிறவள் நான்! மருதாணிக் கோன் போலவே பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி, பழுப்பு பெயின்டை ஊற்றி, நுனியை நறுக்கினேன். கோடு நூல் பிடித்தாற்போல விழுந்தது. "மாஷா அல்லாஹ்! எப்புடிடி ரிஃப்கா?" என்று மாமியார் சைத்தூன் பீவியே வாய் பிளந்தார்.

அந்தக் குஷியில்தான் எல்லாம் கெட்டது. கடைசி ஜன்னலை முடித்த கை நிற்கவில்லை. பழக்கதோஷம்! ஒரு சுருள், ஒரு இலை, ஒரு மொட்டு என்று சுவர்மேல் கொடியை ஓட்டிவிட்டது. நான் சுதாரிப்பதற்குள் கொடி மாடி ஏறியிருந்தது. மச்சானோடு வேலை பார்க்கும் வேளாங்கண்ணி ஆன்டோ அண்ணன், லீவு முடிந்து அன்றே ஷார்ஜா திரும்புகிறவர், மாடலை வாங்கிப் போக வாசலில் நிற்கிறார்.

"அண்ணே, ஆபீஸ் கட்டடத்துக்கு மருதாணி போட்டுட்டேனே!"

"அழிச்சா வெள்ளையும் சேந்து போயிடும் தங்கச்சி. இருக்கட்டும், குடுங்க" என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார். எனக்கு அழுகையும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன. என் கையை நானே அடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத் நடத்தும் ரெத்தினம் அண்ணன், ஷார்ஜா போன் என்று குரல் கொடுத்தார். ஓடினேன்.

"அந்தக் கொடியப் போட்டது யாருன்னு முதலாளி கேக்குறாரு" என்றார் மச்சான்.

"மச்சான், தெரியாம..."

"அட, கேளு புள்ள! கல்யாண மண்டப மாடல் ஒண்ணு வந்துருக்கு. சுவர் பூரா பூவேலை. இங்க ஒருத்தனுக்கும் கை வரல. உன்ன உடனே வரச் சொல்றாரு. பாஸ்போர்ட்ட எடுத்து வையி!"

"இனிமேத்தான் எடுக்கணுமாக்கும்! நீங்க போன அன்னைக்கிலேருந்து அது என் தலகாணிக்கு அடியிலதான் கெடக்கு!"