சாமைச் சோற்றுப் பந்தயம்

நாற்பது வருடமாக என் மனைவி காசிம் பீவியின் சமையலை நான் ஒருநாளும் பாராட்டியதில்லை. பாராட்டினால் மறுநாளே குழம்பில் உப்பு கூடிவிடும் என்பது என் கொள்கை. கள்ளக்குறிச்சியில் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறும்போது பீவி பந்தயம் கட்டினாள்.

"மலையில யாரு சோத்தையாவது நல்லா இருக்குன்னு சொன்னீங்க, இனிமே ஞாயித்துக்கெழம சமையல் உங்களுது!"

"அந்த மலையே எறங்கி வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன்."

மலைமேல் வெள்ளிமலை என்ற ஊரில் மழைக்கு ஒதுங்கிய எங்களுக்கு ஜெயம்மாள் என்பவர் தன் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். முதல் வாயிலேயே, பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த என் நாக்கு மறுபடியும் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. மூன்று தட்டு உள்ளே போயிற்று. கள்ளக்குறிச்சி வரை கேட்கும்படி ஏப்பம்கூட விட்டேன். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பீவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயம்மாளின் முகம் வாடிவிட்டது. "இன்னா பாய், ஒண்ணுமே சொல்லாம சாப்ட்டுக்கினு இருக்கீங்க? புடிக்கலீங்களா?"

அந்த முகத்துக்கு முன்னால் பந்தயம் நிற்கவில்லை. "நல்லா இருக்கும்மா! ரொம்ப நல்லா இருக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் மலைக் குரங்குகள் மரம் மாறின.

"அடேயப்பா, இந்த வார்த்தைலாம் உங்க வாயில இருந்துச்சா?" என்றாள் பீவி.

இந்த ஞாயிறு எங்கள் வீட்டில் நான் சாமையில் பிரியாணி போட்டேன். பீவி மூன்று தட்டு சாப்பிட்டாள். வாயைத் திறக்கவில்லை. நான் கரண்டியோடு நின்றேன்.

"இன்னா பீவி, புடிக்கலியா?"

"பாராட்டினா உப்பு ஜாஸ்தியாயிடும்ங்க" என்று சொல்லி, நான்காவது முறையாகத் தட்டை நீட்டினாள்.