வீடு பார்க்க வந்தவள்

"கால் பக்கம் கொஞ்சம் தூக்குங்க சார், நிலை இடிக்குது," என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

கண்ணாடிக் கடைக்காரர் ஸ்ட்ரெச்சருக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினார். வருடக்கணக்காகக் கண்ணாடி ஷீட்டுகளைச் சுமந்த கைகளுக்கு மனைவி ஒரு பாரமாகவே தெரியவில்லை. கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். மகள் தலையணையைச் சரிசெய்தாள். பழக்கத்தில் ஆக்ஸிஜன் குழாயைத் தேடிப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

கட்டிலுக்கடியில் நாய் படுக்கும் இடம் காலியாக இருந்தது. நாய் முடி பறக்கிற வீட்டில் இந்த அம்மா இருக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மனைவி அழவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வாத்தியார யாருக்கு வேணா குடுங்க. ஆனா வீட்ட நான் பாத்துட்டுதான் குடுக்கணும்."

எந்நேரமும் யாரையோ கண்டிக்கப் போவதுபோல முகத்தை வைத்திருந்ததால் நாய்க்கு அந்தப் பெயர்.

கடைக்காரர் அலையாத இடமில்லை. ஒருவர் குடோன் காவலுக்குக் கேட்டார். இன்னொரு வீட்டில் பிள்ளைகள் அதன் வாலைப் பிடித்துத் தொங்கினார்கள். கடைசியில் ஊரின் மறுகோடியில், மூன்றாவது மாடியில் தனியாக இருந்த தையல்காரம்மா கிடைத்தாள். வாத்தியார் நேராகப் போய் அவள் மிஷினுக்கடியில் படுத்துக்கொண்டது. "இருந்துட்டுப் போகட்டும்ணே," என்றாள். விட்டுவிட்டு வந்தார்.

"ஞாயித்துக்கெழம உன்னக் கூட்டிட்டுப் போறேன்," என்று மனைவியிடம் சொன்னார். அங்கே லிஃப்ட் இல்லை என்பதைச் சொல்லவில்லை. குளியலறைக்குப் போகவே அவளுக்கு நடுவில் நாற்காலி போடவேண்டியிருந்தது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்று ஞாயிறு விடியும்போது முடிந்துவிட்டது.

மத்தியானம் தையல்காரம்மா போன் செய்தாள். அவளுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்க வழியில்லை. அவர் சொல்ல வாயெடுத்தார்.

"அக்கா இப்பதான் கெளம்பிப் போறாங்கண்ணே. வர்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வீடு போட்டது போட்டபடி கெடந்துச்சு."

"எந்தக்கா?"

"நல்லா கேட்டீங்க போங்க. ஒங்க வீட்டு அக்காதான்."

கடைக்காரர் கூடத்தைப் பார்த்தார். மனைவி கட்டிலில் இருந்தாள். மகளும் கொழுந்தியாளும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து யாரும் வெளியே போகவில்லை.

"வாத்தியார் கதவுகிட்ட போயி அப்படி ஒரு ஆட்டம். அக்கா ஒரு ரூம் விடாம பாத்தாங்க. மொட்டமாடிக் கைப்பிடிச் சுவத்துல ஓட்டை இருக்குல்ல, அத மொதல்ல அடைன்னாங்க. பலக வெச்சு அடச்சுட்டேன். 'எங்க வீட்டு ஆளு எதையும் பாதிதான் பாப்பாரு, அதான் நானே வந்தேன்'னு சொல்றாங்க." தையல்காரம்மா சிரித்தாள்.

அந்த ஓட்டையை அவரும் பார்த்திருந்தார். வீட்டில் வந்து யாரிடமும் சொல்லவில்லை.

"யாருப்பா போன்ல?" என்றாள் மகள்.

ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கதவைச் சாத்தினார்.

"அவங்க... உக்காந்தாங்களா?"

"உக்காருங்கன்னேன். வேணாம்னுட்டாங்க."

"படியேறி வந்ததுல, மூச்சு ரொம்ப வாங்குச்சா?"

"இல்லையே. மொட்டமாடிக்குக்கூட விறுவிறுன்னு ஏறுனாங்க. பின்னாடியே ஏறுன எனக்குத்தான் வாங்குச்சு. ஏண்ணே, அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

அவர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"முன்ன முடியாம இருந்துச்சு," என்றார். "இப்ப பரவால்ல."

"அப்ப சரிண்ணே. துணி குடுக்கணும், வேல கெடக்கு."

அவள் போனை வைக்க மறந்திருக்க வேண்டும். மறுமுனையில் தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. நின்றது, மறுபடி ஓடியது. கடைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.